மக்னம் துவக்குகளின் வலிமை

'மக்னம்' என்பது பெரிது எனப் பொருள்படும் இலத்தீன் சொல். பெரிய மதுக்குப்பிக்கு வழங்கிய இப்பெயரைத் துவக்குச் செய்வோர் தம் தோட்டாக்களுக்கும் எடுத்துக்கொண்டனர். ஆதலின் இஃது ஓர் அளவினைக் குறிப்பதன்று. அதே விட்டமுடைய ஏனையவற்றினும் மிகுதியாக வெடிமருந்து கொள்வது என்பதே கருத்து.

ஆபிரிக்க வேட்டைக்காடுகளில் வழங்கும் மூன்றினை ஒப்புநோக்குவாம். இலண்டனிலுள்ள ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் நிறுவனத்தார் 1912இல் வெளியிட்ட 375 மக்னம், 19.4 கிராம் சன்னத்தைச் செக்கனுக்கு ஏறக்குறைய 770 மீற்றர் வேகத்திற் செலுத்தும். அமெரிக்க வின்செஸ்டர் நிறுவனத்தாரின் 458 (1956) 32.4 கிராம் சன்னத்தை 620 மீற்றர் வேகத்திலும், அவர்களது 300 (1963) 11.7 கிராம் சன்னத்தை 900 மீற்றர் வேகத்திலும் செலுத்துவன.

இயக்கசத்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அக்கணக்கின்படி 300 ஏறக்குறைய 4,700 யூலும், 458 ஏறக்குறைய 6,200 யூலும் உடையன. வேறுபாடு மூன்றிலொரு பங்கே. ஆனால் திணிவையும் வேகத்தையும் பெருக்கிவரும் உந்தமோ 458இல் இருமடங்குக்குச் சற்றே குறைந்தது. தடித்த தோலையும் என்பையும் ஊடுருவிச் செல்வதற்கு உந்தமும் சன்னத்தின் உறுதியான அமைப்புமே பெரிதும் உதவுவன. தொலைவில் நிற்கும் மானுக்கு 300 சாலப் பொருந்தும்; பாய்ந்துவரும் காட்டெருமைக்கு அதனை நம்புதல் பேதைமை.

458இலும் குறை இல்லாமலில்லை. அதன் குறுகிய கூட்டினுள் மருந்தை இறுக்கி அடைக்கவேண்டியிருந்தமையால், தொடக்ககாலத் தோட்டாக்கள் சில குறித்த வேகத்தை எய்தவில்லை. 1959இல் மொசாம்பிக்கில் ஜாக் லொட் என்பார் இவ்வகைத் துவக்கோடு சென்று காட்டெருமையாற் குத்துண்டு காயமுற்றார். பின்னர் நீண்ட கூடுடைய 458 லொட் தோட்டாவை அவர் அமைத்தமைக்கு அந்நிகழ்ச்சியே காரணம்.

எனின், பருத்ததையே தேர்வோமா? ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமமான எதிர்த்தாக்கம் உண்டன்றோ! சன்னம் பெற்ற உந்தத்தைச் சுடுவோன் தோளும் ஏற்கவேண்டும். அவ்வடிக்கு அஞ்சுவோன் விசையை இழுக்குமுன்னரே கண்ணை மூடிக்கொள்வான், குறி தவறும், புண்பட்ட விலங்கு புதரினுள் மறையும். அதனைத் தேடிச் செல்பவன் உயிர்க்கு யார் பிணை? இதனாலேயே இரண்டுக்கும் இடைப்பட்ட 375ஐ அனுபவமுடையோர் பலர் விரும்புகின்றனர். யானை முதலியவற்றுக்கு அதனினும் சிறியதைப் பயன்படுத்தலாகாதென ஆபிரிக்க நாடுகள் சில சட்டமும் வகுத்துள்ளன.

டபிள்யூ. டி. எம். பெல் என்னும் வேட்டைக்காரர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளுட் பெரும்பாலானவற்றை மக்னம் அல்லாத 7 மில்லிமீற்றர் துவக்கினாலேயே வீழ்த்தினார். அக்கொலைத் தொகை போற்றத்தக்கதன்று. யானையின் மூளை இருக்குமிடத்தை மண்டையோட்டை அறுத்து ஆராய்ந்து கற்றிருந்தார் என்பதே ஈண்டு அறியற்பாலது.