குறிநூலின் முன் மூவர்

சிங்கப்பூரின் வாட்டர்லூ தெருவில், ஸ்ரீ கிருஷ்ணன் ஆலயத்திற்கு அருகே அமைந்துள்ள குவான் இம் கோயிலில், மூங்கிற் குழலைக் குலுக்கி எண்ணிட்ட குச்சியொன்றை விழச்செய்து குறி கேட்போரை நம்மிற் பலரும் கண்டிருப்போம். அதனையே யீ ஜிங் என்று கருதுவோரும் உளர். இரண்டும் வேறு. கோயிற்குச்சி தெய்வத்தின் திருமுன்னர்க் கேட்கப்படுவது. ‘மாற்றங்களின் நூல்’ என்று பொருள்படும் யீ ஜிங், ஒருவர் தம் வீட்டிலேயே தனித்தமர்ந்து கேட்கத்தக்கது. கேட்டவர் எவ்வாறு கேட்டார், கிடைத்த விடையை என்செய்தார் என்பதே ஈண்டு நாம் காணவிருப்பது.

நூலின் மூலப்பகுதி சோ அரசமரபின் காலத்தது. ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு கோடுகள் அடுக்கிய 64 உருவங்கள் அதில் உள்ளன. கோடு முழுமையானதாகவோ நடுவே முறிந்ததாகவோ இருக்கும். ஒவ்வோர் உருவத்திற்கும் ஒரு பெயரும் சுருங்கிய குறியுரையும், ஒவ்வொரு கோட்டிற்கும் தனியுரையும் உண்டு.

பழைய முறையில் ஒருவகைச் செடியின் உலர்ந்த தண்டுகள் 50 வேண்டும். ஒன்றை ஒதுக்கிவிட்டு, எஞ்சிய 49ஐ இரு கைப்பிடியாகப் பிரிப்பர். ஒரு தண்டை விரலிடையிற் செருகி, மற்றவற்றை நான்கு நான்காக எண்ணி, மிச்சத்தை விலக்குவர். இவ்வாறு மூன்று முறை செய்தால் ஒரு கோடு பிறக்கும். ஆறு கோடுகளுக்கு 18 முறை. ஒவ்வொரு கோடும் 6, 7, 8, 9 என்னும் எண்களுள் ஒன்றாக அமையும். 7, 9 முழுக்கோடுகள். 6, 8 முறிந்த கோடுகள். இவற்றுள் 6உம் 9உம் நிலைமாறி எதிர்க்கோடாகும். ஆகவே முதல் உருவத்திலிருந்து மற்றோர் உருவம் தோன்றும். நூலின் பெயரிலுள்ள மாற்றம் என்பதனை இங்கே கண்கூடாகக் காணலாம்.

பிற்காலத்தில் மூன்று நாணயங்களை ஆறு முறை வீசும் எளிய முறை பரவியது. எளிமைக்கு ஒரு விலையும் உண்டு. தண்டுமுறையில், 16 வாய்ப்புகளில் 9 விழுவது மூன்று. 6 விழுவது ஒன்றே. நாணயத்திலோ இரண்டுக்கும் இவ்விரண்டு வாய்ப்புகள். எனவே முறிந்த கோடு மாறுவது தண்டுமுறையில் அரிது. நாணயத்தில் அந்த அருமை மறைந்துவிடுகிறது. உயர்நிலை மாணவர் இதனை வகுப்பறையிலேயே கணக்கிட்டுத் தெளியலாம். எனினும் பெரிய வேறுபாடு கணக்கில் இல்லை. தண்டுகளை எண்ணி முடிக்கும்வரை கேட்பவர் தம் கேள்வியை மனத்தில் தாங்கியிருக்க நேர்கிறது. நாணயம் அவ்வளவு பொறுமையைக் கேட்பதில்லை.

அந்தப் பொறுமையைப் பெரிதும் வேண்டியவர் ஜூ ஷி (1130–1200). அவருக்கு முந்திய செங் யி இந்நூலை அறநூலாகவே விளக்கினார். ஜூ ஷியோ இது குறி கேட்பதற்கென்றே எழுந்த நூல் என்று வலியுறுத்தி, தண்டுமுறையைச் சீர்செய்தார். தூய அறை, நறும்புகை, வணக்கம் என ஒழுங்கும் வகுத்தார். 1195இல், அரசவையில் ஆதிக்கம் செலுத்திய ஹான் துவோசோவைக் கண்டித்து அவர் ஒரு விண்ணப்பம் வரைந்தார். அதனை அனுப்பினால் உயிருக்கே இடர் என்று மாணவர்கள் அஞ்சினர். தண்டுகளை எண்ணினர், ‘பின்வாங்குதல்’ என்னும் உருவம் வந்தது. வரைவை எரித்துவிட்டு, ‘பின்வாங்கிய முதியவர்’ என்னும் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டார். இதனைக் கோழைமை என்பாரும் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. விடை பிடிக்காதபோது மீண்டும் கேட்பதே மனித இயல்பு, அவர் கேட்கவில்லை. முதற்கேள்விக்கே விடை, தொடர்ந்து நச்சரிப்போர்க்கு விடையில்லை என்னும் கருத்து அந்நூலின் நான்காம் உருவத்திலேயே உள்ளது.

சுவிட்சர்லாந்தின் உளவியல் அறிஞர் கார்ல் யுங் வேறு வழியிற் சென்றார். கோடைக்காலமொன்றில், செடித்தண்டுகளுக்கு மாற்றாக நாணற்குச்சிகளை வெட்டி, முதிய பேரிமரத்தடியில் மணிக்கணக்காக அமர்ந்து பயின்றவர் அவர். ரிச்சர்ட் வில்ஹெல்மின் ஜெர்மன் பெயர்ப்பு ஆங்கிலத்திற்கு வந்தபோது, 1949இல் எழுதிய முன்னுரைக்காக நாணயங்களை வீசி, அந்நூலைப் பற்றி அந்நூலிடமே வினவினார். வேள்வி உணவு சமைக்கும் ‘கொப்பரை’ விடையாக வந்தது. நூல் தன்னையே அறிவுணவு ஏந்திய கலமாகக் கூறுகிறது என்று அவர் விளக்கினார். சுவையான சோதனைதான். ஆயினும் விடை எதுவாயினும் கேட்டவர் இழப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை.

இழப்பதற்கு எல்லாம் இருந்தும் நேர்மையாகக் கேட்டவர், ஜூ ஷிக்கும் பல நூற்றாண்டுகள் முந்தியவரான மு ஜியாங். லூ நாட்டு அரசரின் தாய். தகாத உறவிலும் மகனுக்கெதிரான சூழ்ச்சியிலும் ஈடுபட்டமையால் கீழை அரண்மனைக்கு அனுப்பப்பட்டார். அங்கே புகுந்தபோது குறி கேட்கப்பட்ட செய்தியை ட்சோ சுவான் என்னும் பழைய வரலாற்றுநூல் கூறுகிறது. ‘பின்தொடர்தல்’ என்னும் உருவம் வெளியேற்றத்தைக் குறிக்கும் என்றும், அரசியார் விரைவில் வெளியே செல்வார் என்றும் குறிகாரர் உரைத்தார். அரசியார் அதனை மறுத்தார். அவ்வுருவத்தின் குறியுரையில் பழியின்மைக்கு முன்னே சொல்லப்படுவன நான்கு நற்பண்புகள் என்று அவர் பொருள்கொண்டார். தம் செயல்களை அவற்றோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, அவற்றுள் ஒன்றும் தம்மிடம் இல்லை என்றார். தீமையைத் தாமே தேடிக்கொண்டபின் இக்குறி தமக்குப் பொருந்தாது, தாம் இங்கேயே இறப்பது உறுதி என்றும் கூறினார். குறிகாரர் உருவத்தின் பெயரைப் படித்தார். அரசியார் குறியுரையின் நிபந்தனையையும் படித்தார்.

கி.மு. 564இல் அந்த அரண்மனையிலேயே அவர் உயிர் நீத்தார்.