வரிசை தப்பிய வேலையும் கணிப்பொறியின் கணக்கும்

தெருவில் தண்ணீர்க் குழாய் பதிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதலில் பள்ளம் தோண்டுவார்கள்; அதில் குழாயைப் பதிப்பார்கள்; பிறகு மண்ணைத் தள்ளி மூடுவார்கள். இந்த வரிசை யாரும் சொல்லித் தராமலே விளங்கும். ஆனால் ஒரு தொழிற்சாலையையோ அணையையோ கட்டும்போது ஆயிரக்கணக்கான வேலைகள் இருக்கும். எது முன், எது பின் என்று எல்லாவற்றையும் மனத்தில் வைத்துக்கொள்ள முடியுமா?

இதற்கு ஒரு வழி 1957-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவாயிற்று. டூபாண்ட் இரசாயனக் கம்பெனியின் மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்ட் கம்பெனியின் ஜேம்ஸ் கெல்லியும் அதை வகுத்தார்கள். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நாள் என்று குறித்துக்கொண்டு, 'இது முடிந்தபின் அது' என அம்புக்குறிகளால் இணைக்க வேண்டும். தொடக்கத்திலிருந்து இறுதி வரை செல்லும் பாதைகளுள் எது மிக நீளமானதோ, அதன் நாட்களே முழு வேலைக்கும் ஆகும் நாட்கள். அந்தப் பாதைக்குக் 'கிரிட்டிக்கல் பாத்' என்று பெயர். வெறும் கூட்டலும் கழித்தலும்தான். ஆனால் அளவில் மிகுதி. ஆகவே அதைக் கணிப்பொறியிடம் விட்டுவிடுகிறார்கள்.

திட்டப்படியே வேலை நடந்தால் தொல்லை இல்லை. வரிசை தப்பினால் என்ன ஆகும்? பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

100 மீட்டர் நீளத்துக்குக் குழாய் பதிக்க வேண்டும். பள்ளம் தோண்ட நாளைக்கு 10 மீட்டர் வீதம் 10 நாள். குழாய் பதிக்க நாளைக்கு 20 மீட்டர் வீதம் 5 நாள். மண் மூட 2 நாள். ஒன்று முடிந்தபின் மற்றொன்று என்றால் மொத்தம் 17 நாள்.

ஆறாம் நாள் மாலை போய்ப் பார்க்கிறோம். 60 மீட்டர் பள்ளம் தயார். ஆனால் குழாய்க்காரர்கள் காத்திருக்காமல் 40 மீட்டர் பதித்துவிட்டார்கள்! இனிப் பள்ளத்துக்கு 4 நாளும், குழாய்க்கு 3 நாளும் வேண்டும். வேலை என்று முடியும்?

கணிப்பொறி இதை இரண்டு விதமாகக் கணக்கிடும். முதல் முறை, 'ரிட்டெய்ன்டு லாஜிக்'. நடந்தது நடந்துவிட்டது, மிச்சமாவது வரிசைப்படி நடக்கட்டும் என்பது இதன் கொள்கை. பள்ளம் 10-ஆம் நாள் முடியும். மிச்சக் குழாய் 11, 12, 13-ஆம் நாட்களில். மண் மூடுவது 15-ஆம் நாள் முடியும்.

இரண்டாம் முறை, 'ப்ராக்ரஸ் ஓவர்ரைடு'. வேலைதான் தொடங்கிவிட்டதே, இனி அம்புக்குறி எதற்கு என்று அதை விட்டுவிடும். குழாய் 9-ஆம் நாளே முடியும். மண் மூடுவது 11-ஆம் நாள் முடியும்.

விவரம் ஒன்றே, விடையோ 15, 11 என இரண்டு! எது சரி? இரண்டாம் விடையைச் சற்று உற்றுப் பாருங்கள். பள்ளமே 10-ஆம் நாள்தான் முடிகிறது. 9-ஆம் நாள் குழாய் எப்படி முடியும்? தோண்டாத மண்ணுக்குள்ளா பதிப்பார்கள்? கணிப்பொறிக்குக் கூட்டத் தெரியும். பள்ளம் என்றால் என்னவென்று தெரியாது.

அப்படியானால் 15 சரியா? அதுவும் இல்லை. தயாராக இருக்கும் 20 மீட்டரில் 7-ஆம் நாளே பதிக்கலாம். 8-ஆம் நாள் மாலைக்குள் இன்னும் 20 மீட்டர் தோண்டியிருப்பார்கள். 9-ஆம் நாள் அதில் பதிக்கலாம். கடைசி 20 மீட்டரை 11-ஆம் நாள் பதித்தால், 13-ஆம் நாள் எல்லாம் முடிந்துவிடும். தவறு எங்கே என்று தெரிகிறதா? 'முழுப் பள்ளமும் முடிந்தபின் குழாய்' என்று நாம் போட்ட அம்புக்குறியிலேதான். பகுதி பகுதியாகப் பிரித்து இணைத்திருந்தால் கணிப்பொறியும் 13 என்றே சொல்லியிருக்கும்.

இரண்டாம் முறை எப்போதும் தவறு என்று எண்ணிவிடாதீர்கள். மண் மூடியபின் அதே ஆட்கள் பக்கத்திலுள்ள வேலிக்கு வண்ணம் பூசுவதாகத் திட்டமிருந்தது எனக் கொள்வோம். வேறு ஆட்கள் வந்து முன்னதாகவே பூசத் தொடங்கிவிட்டால், அவர்கள் எதற்காக நிற்க வேண்டும்? அந்த அம்புக்குறி ஆள் பற்றாக்குறையால் வந்தது. முந்தையதோ மண்ணின் இயல்பால் வந்தது.

ஆகவே வரிசை தப்பும்போது பொறியாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'இந்த அம்புக்குறியை ஏன் போட்டோம்?' என்பதே. உங்கள் பள்ளி விழாவுக்கு இப்படி ஒரு படம் வரைந்து பாருங்கள். எந்த அம்புக்குறியை மீறலாம், எதை மீறவே முடியாது என்று சொல்ல முடிகிறதா?