பாட்டி தேடும் வீடு

மாலை ஐந்து மணி ஆனால் போதும். என் பாட்டி தம் புடவைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு திண்ணைக்கு வந்துவிடுவார். "இருட்டறதுக்குள்ள ஊட்டுக்குப் போவணும்" என்பார். பென்னாகரத்துக்கு அருகே இதே வீட்டில்தான் அவர் அறுபது ஆண்டுகளாக வாழ்கிறார். அவர் தேடுவது மேச்சேரியில் இருந்த தாய்வீட்டை. அது இடிந்து வெகுகாலம் ஆயிற்று.

"இதுதானே ஆயா உன் ஊடு?" என்று தொடக்கத்தில் நான் வாதாடுவேன். இயற்பியல் ஆசிரியன் அல்லவா, நிரூபித்துவிட்டால் முடிந்தது என்று எண்ணும் பழக்கம்! குடும்ப அட்டையைக்கூடக் காட்டினேன். அழுகைதான் மிஞ்சியது.

ஏன் நிரூபணம் பயன்படவில்லை? புதிய செய்திகளை நினைவில் பதிய வைப்பதில் மூளையின் உட்பகுதியிலுள்ள ஹிப்போகாம்பஸுக்குப் பெரும் பங்கு உண்டு. 1906இல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் எடுத்துரைத்த நோயில் முதலில் பழுதுபடும் பகுதிகளுள் அதுவும் ஒன்று. அமிலாய்டு என்னும் புரதம் நரம்பணுக்களுக்கு வெளியிலும், டௌ என்னும் புரதம் உள்ளேயும் படிய, அணுக்கள் மெல்ல மடிகின்றன. பழைய நினைவுகளோ மூளையின் புறணியில் பரவி வேரூன்றியவை, எளிதில் அழிவதில்லை. ஆகவே காலையில் உண்ட களி நினைவில் இல்லை. சிறுவயதில் ஏறிய புளியமரம் இருக்கிறது. குடும்ப அட்டை என்ன செய்யும்?

எங்கள் வீட்டில் பெருஞ்சண்டை மூட்டியதும் இந்தக் களிதான். "எனக்கு ஒருவாய் சோறு போடறதில்ல" என்று பாட்டி தெருவில் சொல்ல, ஊர் என் அம்மாவைப் பழித்தது. பாட்டி பொய் சொல்லவில்லை. உண்டது பதியவே இல்லை. மருமகள் கொடுமைக்காரி என்று பெயரெடுக்க இந்நோய் ஒன்றே போதும். இப்பொழுது அம்மா களியில் பாதியை எடுத்து வைத்து, மறுபடி கேட்கும்போது கொடுக்கிறார். தெருவாருக்கும் நோயை விளக்கிச் சொல்லிவிட்டோம். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

மறதி எல்லாம் அல்சைமர் அன்று. தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் இவ்வாறே தோன்றும். அவற்றுக்கு மருந்து உண்டு. எனவே முதலில் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

2023இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு மறதிநோய் உள்ளது; நகரத்தைவிடக் கிராமத்தில் மிகுதி. கவனிப்போருக்கு உதவி வேண்டாமா? கோவாவில் 81 குடும்பங்களைக் கொண்டு நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர்வாசிகள் ஆறு மாதம் வீடுதேடிச் சென்று ஆலோசனை கூறினர். கவனிப்போரின் மன உளைச்சல் குறைந்தது.

அத்தகைய ஏற்பாட்டின் ஒரு பகுதி நம் பக்கமும் உண்டு. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. நடுவயதில் இவ்விரண்டையும் அடக்கி வைப்பது பின்னாளில் மறதிநோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும். அம்மா தம் மாத்திரையை இப்பொழுது தவறவிடுவதில்லை.

நான் வாதாடுவதை விட்டுவிட்டேன். ஐந்து மணிக்கு மூட்டையை வாங்கிக்கொண்டு, "வா ஆயா, போலாம்" என்பேன். ஏரிக்கரை வரை நடந்து, புளியமரத்தைச் சுற்றித் திரும்புவோம். வாசலைக் கண்டதும், "ஊடு வந்துருச்சா?" என்று கேட்டு உள்ளே போய்விடுவார். கல்லூரியில் தேர்வு நடக்கும் நாட்களில் அது தம்பியின் முறை.