'இஸ் பீயிங்' பிழையாக இருந்த காலம்

செயப்பாட்டு வினை நடத்தும் அன்றைக்கு, 'தி ஹவுஸ் இஸ் பீயிங் பில்ட்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, "இதை எழுதினாலே தப்பு என்று திட்டிய காலம் ஒன்று உண்டு" என்பேன். கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயருக்கு, வீடு கட்டப்படுகிறது என்று சொல்ல 'தி ஹவுஸ் இஸ் பில்டிங்' போதும். வீடு எதையும் கட்டாது என்பதால் குழப்பமில்லை. ஜேன் ஆஸ்டின் நாவல்களிலும் இந்த வழக்கைப் பார்க்கலாம். ஆள் வந்தால்தான் சிக்கல். 'தி பாய் இஸ் பீட்டிங்' என்றால் பையன் அடிக்கிறான் என்றுதான் படும். அடி வாங்குகிறவனை எப்படிச் சொல்வது? அந்தத் தேவைக்குத்தான் 'இஸ் பீயிங்' கைகொடுத்தது. கவிஞர் ராபர்ட் சதே 1795இல் எழுதிய கடிதத்தில், நாவிதரிடம் கடைவாய்ப் பல் பிடுங்கப்படும் ஒருவனைப் பற்றி இப்படித்தான் எழுதுகிறார். பிடுங்குபவர் யார், வலி யாருக்கு என்பதில் சந்தேகமே வராது.

ஆனாலும் எதிர்ப்பு லேசில் அடங்கவில்லை. அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் கிராண்ட் ஒயிட் 1870இல் வந்த தன் நூலில் இதைச் சாடத் தனி அத்தியாயமே ஒதுக்கினார். மக்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இலக்கணத்தை விதிப் பட்டியலாக மட்டும் காட்டுவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். என்ன தேவைக்காக அந்த விதி பிறந்தது என்று சொன்னால் மனதில் நிற்கும். பழைய அச்சும் முழுசாக அழியவில்லை: 'வாட்ஸ் குக்கிங்?' என்று கேட்கிறார்களே, அங்கே சமைப்பது குழம்பா என்ன?