சுமைக் குதிரையும் குடற்புழுவும்

போடிநாயக்கனூரை ஒட்டிய மலைக்கிராமங்களில், வண்டி ஏறாத சரிவுகளில் மூட்டை சுமப்பவை குதிரைகளே. ஒரே இடத்தில் மேய்ந்தாலும் எல்லாக் குதிரைக்கும் புழுத்தொல்லை ஒரே அளவில் இருப்பதில்லை. வளர்ந்த குதிரைகள் பலவற்றில் புழுவை அடக்கும் இயற்கை எதிர்ப்புச் சக்தி உண்டாகிவிடுகிறது. பொதுவாக, 100 குதிரைகளில் சுமார் 20 மட்டுமே 80 சதவீதப் புழு முட்டைகளை லத்தியில் வெளியேற்றுகின்றன.

ஆகவே எல்லாவற்றுக்கும் அடிக்கடி மருந்து கொடுப்பது வீண் செலவு. மருந்துக்குச் சாகாத புழுக்களே மிஞ்சிப் பெருகும். பிறகு நோயுற்ற குதிரைக்கு அம்மருந்து பலிக்காது. வளர்ந்தவற்றுக்கு ஆண்டில் ஓரிரு முறை போதும். அதற்குமேல், புது லத்தியைக் கால்நடை மருத்துவரிடம் கொடுத்துப் பரிசோதித்து, முட்டை அதிகமுள்ள குதிரைக்கு மட்டும் எடைக்கேற்ற அளவில் கொடுக்கவும்.

குட்டிகளின் நிலை வேறு. ஒரு வயதுக்குள் எதிர்ப்புச் சக்தி முழுமையாக இராது. உருண்டைப் புழுக்கள் குடலை அடைத்துக் கொன்றுவிடவும் கூடும். குட்டிகளுக்கு மருத்துவர் சொல்லும் காலத்தில் மருந்து தவறக்கூடாது.

மேய்ச்சல் நிலத்து லத்தியை வாரம் இருமுறை அள்ளிக் குவித்து, சூடேறி நன்கு மக்கிய பின் ஏலச்செடிக்கு இடலாம். புழுவும் குறையும், எருவும் கிடைக்கும்.