பால்யத்தின் எல்லை

பால்யம் என்பது உடலோடு பிறந்ததா, உலகத்தார் வகுத்ததா என்னும் விசாரம் அண்மைக் காலத்துச் சரித்திர ஆசிரியர்களிடையே விரிவாக நிகழ்ந்திருக்கிறது. பல் முளைத்தல், நடை பழகுதல், மழலை தெளிதல் ஆகியவை எத்தேசத்திலும் எக்காலத்திலும் ஏறக்குறைய ஒரே கிரமத்தில் நிகழ்வன. ஆனால் ஒருவன் எந்நாள்வரை குழந்தை, எந்நாள்முதல் தன் செயலுக்குத் தானே பொறுப்பாளன், எப்போது உழைக்கக் கடவன், எப்போது மணத்துக்கு உரியவன் என்னும் வினாக்களுக்கு விடை தேசந்தோறும் காலந்தோறும் வேறுபட்டே வந்திருக்கிறது. நம் ஸம்ப்ரதாயம் ப்ரமாணமாகக் கொள்ளும் க்ரந்தங்களிலும் இதற்கு ஒரே விடை இல்லை. அவ்விடைகளைச் சேர்த்து நோக்கினால், மாறுவது எது, மாறாதது எது என்பது புலப்படும்.

ப்ரெஞ்சு தேசத்துச் சரித்திர ஆசிரியரான ஃபிலிப் அரியேஸ் 1960இல் வெளியிட்ட நூலே இவ்விசாரத்துக்குத் தோற்றுவாய். இடைக்கால ஐரோப்பாவில் பால்யம் என்ற தனிப்பருவ உணர்வே இருந்ததில்லை என்பது அவர் கொள்கை. தாயின் அல்லது செவிலியின் இடைவிடாத பராமரிப்பு வேண்டாத நிலையை அடைந்ததும், ஏறக்குறைய ஏழு வயதில், குழந்தை பெரியோர் உலகத்தில் கலந்துவிட்டது என்றும், அக்காலத்துச் சித்திரங்களில் குழந்தைகள் உருவம் குறுகிய பெரியோராகவே எழுதப்பட்டனர் என்றும், பதினேழாம் நூற்றாண்டளவிலேயே அவ்வுணர்வு தெளிவாகத் தோன்றியது என்றும் அவர் சாதித்தார். பின்வந்தோர் இதனை அப்படியே ஏற்கவில்லை. லிண்டா போலக் 1983இலும், ஷுலமித் ஷஹார் 1990இலும், நிகோலஸ் ஓர்ம் 2001இலும் வெளியிட்ட நூல்கள் நாட்குறிப்புகள், விளையாட்டுப் பொருள்கள், தாலாட்டுகள் முதலியவற்றைக் காட்டி, முற்காலத்துப் பெற்றோரும் குழந்தையைக் குழந்தையாகவே கண்டு சீராட்டினர் என்று நிறுவின. ஆக, அன்பு பிற்காலத்தில் தோன்றியது என்பது நில்லாது. பருவத்தின் எல்லையும், அதற்குரிய கடமைகளும் மாறின என்ற அளவே நிற்கும்.

இந்தப் பாகுபாட்டை மனத்திற்கொண்டு சாஸ்த்ரங்களை நோக்கலாம். கௌதம தர்ம ஸூத்ரம் உபநயனத்துக்கு முற்பட்ட குழந்தைக்கு நடையிலும் பேச்சிலும் உணவிலும் நியமம் இல்லை என்கிறது. இங்கே பால்யத்தின் எல்லை ஆண்டு அன்று, ஸம்ஸ்காரமே. அந்த ஸம்ஸ்காரத்துக்கு உரிய காலமோ கர்ப்பம் முதல் எண்ணி ப்ராஹ்மணனுக்கு எட்டாம் ஆண்டு, க்ஷத்ரியனுக்குப் பதினோராம் ஆண்டு, வைச்யனுக்குப் பன்னிரண்டாம் ஆண்டு என்று மனு ஸ்ம்ருதி வகுக்கிறது. ஒரே தெருவில் ஒரே நாளில் பிறந்த மூன்று பிள்ளைகளின் பால்யம் மூன்று வெவ்வேறு ஆண்டுகளில் முடியும் என்பது இதனால் தேறும்.

வ்யவஹாரத்தில் நாரத ஸ்ம்ருதியின் கணக்கு வேறு. எட்டாம் ஆண்டு வரை சிசுவைக் கர்ப்பத்திலிருப்பதற்கு ஒப்பாகவும், பதினாறு வரை பாலனாகவும் கொண்டு, அதன் பின்னரே கொடுக்கல் வாங்கலுக்கு உரியவனாக அது கருதுகிறது. வைத்யத்தில் ஸுச்ருத ஸம்ஹிதை பதினாறுக்கு உட்பட்டோரைப் பாலர் என்று கொண்டு, ஓராண்டு வரை பால் உண்பவர், ஈராண்டு வரை பாலும் அன்னமும் உண்பவர், அதன் மேல் அன்னம் உண்பவர் என்று உணவினாலேயே மூவகையாகப் பிரிக்கிறது. கர்மாதிகாரம் விசாரிப்பவருக்கு எட்டு, கடன் பத்திரம் விசாரிப்பவருக்குப் பதினாறு, மருந்தின் அளவு விசாரிப்பவருக்கு ஒன்றும் இரண்டும். இவை தம்முள் முரண்பட்டவை அல்ல. ப்ரயோஜனம் வேறுபடுதலால் எல்லையும் வேறுபடுகிறது. ரோமாபுரியின் பழைய சட்டத்திலும் ஏழு வயதுக்கு உட்பட்டோருக்கு ஒரு நிலையும், பெண்ணுக்குப் பன்னிரண்டு, ஆணுக்குப் பதினான்கு என்ற மற்றோர் எல்லையும் இருந்தமை இதற்கு ஒப்பு நோக்கத்தக்கது.

எல்லை இருக்கட்டும், பால்யத்தின் மதிப்பு யாது? இதிலும் அருளிச்செயல்களுக்குள்ளேயே இரண்டு நோக்கு உண்டு. தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையின் மூன்றாம் பாசுரத்தில் மனிதனுக்கு விதித்த நூறாண்டைக் கணக்கிடுகையில், பாதி உறக்கத்தில் கழிய, எஞ்சியதில் பேதைப்பருவத்தையும் பாலப்பருவத்தையும் இழவுக் கணக்கிலேயே சேர்க்கிறார். ஸ்ரீபாகவதத்தில் ப்ரஹ்லாதாழ்வானும் அஸுர பாலர்களுக்கு உபதேசிக்கையில், அறியாமையிலும் விளையாட்டிலும் இருபது ஆண்டுகள் வீணாகின்றன என்றும், ஆதலால் கௌமாரத்திலேயே பகவத் தர்மத்தைத் தொடங்க வேண்டும் என்றும் கூறுகிறான். பெரியாழ்வாரோ அந்தப் பேதைப்பருவத்தையே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சேஷ்டிதத்துக்கும் ஒரு திருமொழியாக அநுபவிக்கிறார். ஓரிடத்தில் இழவாகத் தோன்றியது மற்றோரிடத்தில் போக்யமாகிறது.

இதனையும் முரண் என்று கொள்ள வேண்டுவதில்லை. திருமாலையில் பேசுகிறவர் தம் வாழ்நாளைத் திரும்பி நோக்கும் சேதநர். திருமொழியில் பேசுகிறவர் யசோதைப் பிராட்டியின் நிலையில் நின்று பிறரொருவரின் பால்யத்தைக் காண்பவர். பால்யத்தைத் தன்னுடையதாக எண்ணுகிறவனுக்கு அது கழிந்த காலம்; பேணுகிறவளுக்கு அது கண்முன் நிற்கும் அநுபவம். ஒரு ஸமுதாயம் பால்யத்தை எப்படி மதித்தது என்று ஆராய்வோர், சொல்பவர் எந்நிலையில் நின்று சொல்கிறார் என்பதை முதலில் தெளிதல் அவச்யம்.

பெரியாழ்வார் பால்யத்தை அளக்கும் கோலும் தனித்தன்மை உடையது. தாலாட்டு, அம்புலியை அழைத்தல், செங்கீரை, சப்பாணி, தளர்நடை, புறம்புல்கல், அப்பூச்சி காட்டல், முலையுண்ண அழைத்தல், காது குத்தல், நீராட்டல், குழல்வாரக் காக்கையை அழைத்தல், பூச்சூட்டல், காப்பிடல் என்று திருமொழிகள் அடைவே செல்கின்றன. இங்கு எண்ணப்படுபவை ஆண்டுகள் அல்ல, செயல்கள். குழந்தை இன்று எதைச் செய்ய வல்லது, அதற்குத் தாய் எப்படி எதிர்முகம் கொடுக்கிறாள் என்பதே அளவு. பிற்காலத்துப் பாட்டியல் நூல்கள் பிள்ளைத்தமிழைப் பத்துப் பருவமாக வரையறுத்து மாதக் கணக்கும் கூறின. ஆழ்வாரிடம் அக்கணக்கு இல்லை. பெரியவாச்சான் பிள்ளை அருளிய வ்யாக்யானத்தில் பெரும்பகுதி மறைந்துபோக, அப்பகுதிக்கு மணவாள மாமுநிகள் வ்யாக்யானம் அருளி நிறைவு செய்தமையால், இவ்வநுபவம் இன்றும் நமக்குக் குறைவின்றிக் கிடைக்கிறது.

இதனைக் கொண்டு, ஐரோப்பியர் பதினேழாம் நூற்றாண்டில் கண்டதை நம் முன்னோர் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னமே கண்டனர் என்று பெருமிதம் கொள்வோர் உண்டு. அதில் உண்மை இருப்பினும், ஓர் எச்சரிக்கை வேண்டும். ஆழ்வார் பாடுவது பரமபுருஷனின் பால்யத்தை. அத்தாலாட்டில் ஒலிக்கும் தாய்மை உலகத் தாயரிடமிருந்து எடுக்கப்பட்டதே. ஆனால் அவ்வுலகத்துக் குழந்தைகள் அனைவரும் அவ்வாறே வளர்ந்தனர் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

ஆழ்வாரே இவ்வெச்சரிக்கைக்கு இடம் தருகிறார். மூன்றாம் பத்து இரண்டாம் திருமொழியில், கன்றுகளின் பின்னே காட்டுக்குப் பிள்ளையை அனுப்பிவிட்ட தாய் இரங்குகிறாள். நீராட்டி அலங்கரித்து வீட்டில் வைத்துக்கொள்ளாமல், குடையும் செருப்பும் கொடாமல், வெம்மை மிக்க காட்டுவழியே போக விட்டேனே என்பது அவள் பரிதாபம். ஆயர்குடியில் சிறு பிள்ளை கன்று மேய்ப்பது குல ஆசாரம். அவள் அதை மீறவும் இல்லை, அதனால் மனம் அமைதி கொள்ளவும் இல்லை. ஸ்ரீபாகவதம் இவ்வாசாரத்திலும் ஒரு படிமுறையைக் காட்டுகிறது: கௌமாரத்தில் கன்றுகளை மட்டும் மேய்த்தவர்கள், பௌகண்டம் எய்திய பின்னரே பசுக்களை மேய்க்க இசைவு பெற்றனர். ஐந்து வயது வரை கௌமாரம், பத்து வரை பௌகண்டம் என்பது ப்ரஸித்தமான கணக்கு. குழந்தையின் உழைப்பு அக்காலத்தில் இருந்தது. அதன் பாரம் வயதுக்கு ஏற்ப அளக்கப்பட்டது. அளந்த பின்னும் தாயின் நெஞ்சு இரங்கியது. மூன்றும் ஒருங்கே மெய்.

எல்லையை மாற்றலாமோ என்னும் கேள்விக்கு இதிஹாஸமே ஒரு விடை வைத்திருக்கிறது. மஹாபாரதம் ஆதி பர்வத்தில் வரும் மாண்டவ்ய மஹர்ஷியின் சரிதம் அது. மௌன வ்ரதத்தில் இருந்த அவருடைய ஆச்ரமத்தில் திருடர்கள் பொருளை ஒளித்து வைக்க, அரசன் சேவகர் அவரையும் திருடராகக் கருதிச் சூலத்தில் ஏற்றினர். தபோபலத்தால் உயிர் தரித்தவர், பின்பு தர்ம தேவதையிடம் சென்று, இத்தண்டனைக்கு உரிய பாபம் யாதென்று வினவினார். சிறு பிராயத்தில் ஒரு பூச்சியைப் புல்நுனியால் குத்தியதன் பலன் என்பது விடை. அற்பமான குற்றத்துக்கு இத்தனை பெரிய தண்டனையோ என்று வெகுண்ட மஹர்ஷி, தர்ம தேவதை மண்ணுலகில் சூத்ர யோநியில் பிறக்கச் சபித்தார். விதுரர் பிறந்தது அதனாலே. அத்துடன் அவர், பதினான்கு ஆண்டு வரை செய்த செயல் பாபமாகாது என்றும், அதற்கு மேலேயே தோஷம் என்றும் உலகத்துக்கு ஒரு மர்யாதையை ஸ்தாபித்தார்.

இச்சரிதத்தில் கருதத்தக்கவை இரண்டு. அந்த எல்லை முன்னமே இருந்ததன்று. அநீதி நேர்ந்ததைக் கண்டு புதிதாக வைக்கப்பட்டது. மற்றொன்று, நீதியை நடத்துகின்ற தேவதையே குழந்தையைப் பெரியோர் அளவால் அளந்த குற்றத்துக்கு உட்பட்டது. குழந்தையின் அறியாமையைக் கணக்கில் கொள்ளாத தர்மம் தர்மமாகாது என்பது இதன் திரண்ட பொருள்.

தற்காலச் சட்டங்களின் எண்களும் இவ்வாறு நகர்ந்தே வந்தன. 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் செயலைக் குற்றமாகக் கொள்ளவில்லை. ஏழு முதல் பன்னிரண்டு வரை அறிவின் முதிர்ச்சியைப் பார்த்தது. அதன் இடத்தில் 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய ஸம்ஹிதையும் அவ்வெண்களையே காக்கிறது. ஐக்கிய நாடுகள் ஸபை 1989இல் நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கை பதினெட்டுக்கு உட்பட்டோரைக் குழந்தை என்கிறது. பாரதம் 1992இல் அதில் சேர்ந்தது.

விவாஹ வயதிலேதான் சாஸ்த்ரத்தின் பெயரால் பெரும் விவாதம் எழுந்தது. பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என்று 1929இல் சாரதா சட்டம் வந்தபோது, சாஸ்த்ர விரோதம் என்று வைதிகர் பலர் எதிர்த்தனர். எட்டும் பன்னிரண்டும் கூறும் மனு ஸ்ம்ருதி வசனம் அவர்களுக்குப் பற்றுக்கோடாயிற்று. ஆயின் அதே ஒன்பதாம் அத்தியாயத்தில், குணமற்றவனுக்குக் கொடுப்பதைவிடக் கன்னிகை ஆயுள் முழுதும் பிறந்த வீட்டிலேயே இருப்பது நன்று என்றும், ருது எய்தியபின் மூன்றாண்டு பொறுத்துத் தானே வரனைத் தேடிக்கொள்ளலாம் என்றும் உள்ளது. ஒன்றை எடுத்து மற்றதை விட்டது படிப்பவர் செயலே. இன்று அவ்வெல்லை பெண்ணுக்குப் பதினெட்டாகவும் ஆணுக்கு இருபத்தொன்றாகவும் உயர்ந்திருக்கிறது.

முன்னோர் எட்டில் வைத்ததைப் பின்னோர் பதினெட்டில் வைப்பது தகுமோ என்று ஐயுறுவோர், எட்டு எந்த ப்ரயோஜனத்துக்கு வைக்கப்பட்டது என்பதை விசாரிக்க வேண்டும். வேதாத்யயனம் தொடங்கக் கூறிய வயதை விவாஹத்துக்கோ, உழைப்புக்கோ, தண்டனைக்கோ கொண்டுபோய்ப் பொருத்துதல் க்ரந்தத்தின் கருத்தன்று. அவ்வாறே, முன்னோர் வேறு எல்லை வைத்ததனால் அவர்கள் குழந்தையை அறியாதவர்கள் என்று கூறுவதும் பொருந்தாது. குடையும் செருப்பும் கொடாமல் அனுப்பினேனே என்று இரங்கிய தாய், எட்டையும் பதினெட்டையும் எண்ணவில்லை; வெயிலையும் பிள்ளையின் திருவடியையுமே எண்ணினாள்.