டிவிடி டிரைவ் ஏன் காணாமல் போகிறது?

பல வீடுகளில் பழைய கல்யாண வீடியோக்கள் டிவிடியில்தான் கிடக்கின்றன. 2020 ஜனவரி 14-உடன் விண்டோஸ் 7-க்கு ஆதரவு நின்றது. அதனால் விண்டோஸ் 10-க்கு மாற்றிய சில கணினிகளில் டிரைவின் தட்டு திறக்கிறது. திரையில் டிரைவையே காணோம். ஏன்?

தட்டு திறக்க மின்சாரம் போதும். படிக்க டிரைவர் மென்பொருள் வேண்டும். டிவிடி எழுதும் பழைய மென்பொருள்கள் விண்டோஸுக்கும் டிரைவுக்கும் நடுவில் தங்கள் வடிகட்டி டிரைவரைச் செருகியிருக்கும். மேம்படுத்தும்போது அந்த டிரைவரின் கோப்பு போய், பெயர் மட்டும் விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் தங்கிவிடும். இல்லாததைத் தேடி விண்டோஸ் திணறும். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி, பிழை எண் 19 அல்லது 39.

முதலில் ரெஜிஸ்ட்ரிக்கு நகல் எடுங்கள். பிறகு அதன் சிடி, டிவிடி பிரிவில் மட்டும், அந்தப் பெயர் தங்கியிருக்கும் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் பதிவுகளை அழித்து, கணினியை அணைத்து மறுபடி தொடங்குங்கள். இதைப் பார்க்காமல் புது டிரைவ் வாங்காதீர்கள்.